மாதா கெபிக்கு வலப்பக்கம் ஒன்றுமில்லை

மொந்தெவெந்தோ,
புதன்கிழமை, திராட்சை அறுப்பு முடிந்து ஆலிவ் பறிப்பு தொடங்காத சும்மாயிருக்கும் வாரம்.

சியேனா ஆஸ்பத்திரியின் எலும்புப் பிரிவில், ஜன்னலோரக் கட்டிலில், இடது காலைக் கூரைக்குக் காட்டியபடி அரசோச்சிக்கொண்டிருக்கும் என் தங்கை மகள், சைக்கிள் குலத்தின் தனிப்பெரும் விளக்கு ஃபியாமெத்தாவுக்கு, உன் தாய்மாமன் ஒரேஸ்தே பேரன்புடன் எழுதிக்கொள்வது என்னவென்றால்:

இங்கு நானும் உன் அம்மா நோர்மாவும் என் நாய் பிரிச்சோலாவும் நலம். உன் எலும்பும் அவ்வாறே நலம் பெற்று ஒன்றுகூட வேண்டுமென்று ஊரிலுள்ள புனிதர்கள் அனைவரிடமும் மனுக் கொடுத்திருக்கிறேன். மெழுகுவத்தி மட்டும் அந்தோணியாருக்குத்தான் ஏற்றினேன். மற்றவர்கள் முதலில் வேலையைக் காட்டட்டும். உலகத்துச் சரிவுகளையெல்லாம் சைக்கிளில் சீட்டியடித்துக்கொண்டு இறங்கிய நீ, பல்பு மாற்ற ஏறிய சமையலறை ஸ்டூலிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் கழுகு தாக்கியது என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அதையே சொல்.

இப்போது, வலக்கையை என் அப்பாவின் வேட்டைத் தொப்பி மேல் வைத்து ஒரு சத்தியம் செய்கிறேன். இதற்குக் கீழே எழுதியிருப்பதை நீ நம்பமாட்டாய். உன் அம்மா நம்பவில்லை. பாதிரியார் நம்பவில்லை, அவருக்கோ நம்புவதுதான் தொழில். நேரில் பார்த்த பிரிச்சோலாவே அன்று மாலை என்னைச் சந்தேகத்தோடுதான் பார்த்தது. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ குறுக்கே சிரிப்பாய், உன் அம்மா குறுக்கே திருத்துவாள், இரண்டுக்கும் நடுவில் மாபெரும் சரித்திரம் நசுங்கிப்போகும். ஆகவே கடிதம்.

உன் ஞாயிற்றுக்கிழமை சவாரி எதற்காக நடந்தது என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் சரித்திரம் என்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். சரளை பரப்பிய நம் வெள்ளைச் சாலைக்குத் தார் போட வேண்டும் என்று மேயர் அர்தேங்கோ ஒற்றைக் காலில் நின்றார். காரணம், சாலைப் புழுதி அவர் மனைவி காயப்போடும் படுக்கை விரிப்பில் படிகிறது. தார் இயந்திரம் வந்து கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால், இன்னும் சாகாதவர்களுக்கு எச்சரிக்கை போல, நின்றுகொண்டிருந்தது. இந்தப் புழுதிக்காகவே உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் தடித்த டயர் போட்ட கிராவல் சைக்கிளோடு ஆட்கள் வருவார்கள், தார் போட்டால் ஒரு ஆள் வரமாட்டான் என்று நீ சதுக்கத்தில் நின்று சண்டை போட்டாய். அப்போது மேயர் சொன்னதை ஊரே கேட்டது.

“சரிம்மா. காசு செலவழிச்சு வந்து புழுதி தின்னுட்டுப் போறானுங்கன்னா அதுல என்னதான் ருசின்னு நானும் பாக்கறேன். ஞாயித்துக்கிழமை நானும் மிதிக்கிறேன். ருசி தெரிஞ்சா ரோடு வெள்ளையாவே கெடக்கட்டும். தெரியலைன்னா திங்கக்கிழமை காலையில தார். அப்புறம் எங்கிட்ட வந்து மூக்கைச் சிந்தக் கூடாது.”

இதை அவர் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் சாரத்தை மட்டும் பிழிந்து தந்திருக்கிறேன். அர்தேங்கோவின் வாய் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் மீசை வைத்திருப்பதே, மேலுதடு ஒரு நிமிடம் நிற்காததால் சவரக்காரரால் மழிக்க முடியாமல் போனதால்தான். பிறந்தபோது முதலில் வெளியே வந்தது அவர் வாய். மற்ற உறுப்புகள் அது பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்து பிறகு வந்தன. சாவு வீட்டில் இறந்தவரின் காதருகே குனிந்து அவர் பேசிக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒன்றிரண்டு முறை இறந்தவர் முகம் சுளித்ததையும்.

சனிக்கிழமை காலையில் நீ சொல்லியனுப்பியபடி மஞ்சள் அம்புப் பலகைகளையும் சுத்தியலையும் உன் வரைபடத்தையும் என் மூன்று சக்கர ஆப்பே வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். என்ன அழகான பாதை வரைந்திருந்தாய் கண்ணு! சதுக்கத்திலிருந்து சைப்ரஸ் மர வரிசையோடு இறங்கி, ஓடையைத் தாண்டி, குகை மாடத்தில் மாதா சிலை நிற்கும் கெபி முக்கில் வலப்பக்கம் காட்டுக்குள் திரும்பி, பழைய மாவு ஆலையில் சூப் குடித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு. கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூட மிதிக்கலாம். மாதா கெபி வரை ஓர் அம்பு பிசகாமல் நீ குறித்த இடத்தில் அறைந்தேன். கெபிக்கு வந்தேன். வலப்பக்கம் அம்பு அறையக் கையை ஓங்கினேன். கை கேட்கவில்லை.

உனக்கு மட்டும் சொல்கிறேன். அந்தக் காட்டுக்குள்தான் என் ஓக் மரம் இருக்கிறது. இந்த ஊரில் நாய் வைத்திருப்பவன் ஒவ்வொருவனுக்கும் ஒரு மரம் உண்டு. அதன் வேரடியில் மண்ணுக்குள் விளையும், நாய் மூக்குக்கு மட்டுமே அகப்படும், தங்க விலை விற்கும் வெள்ளை ட்ரஃபிள் காளான்தான் அவன் உயிர். அந்த இடத்தை அவன் மனைவியிடமும் சொல்லமாட்டான், பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லமாட்டான். ஆற்றுப்பக்கம் போக வேண்டுமென்றால் வண்டியைக் கோயில் பக்கம் நிறுத்துவோம். எங்கே போகிறாய் என்று கேட்டால் பல் டாக்டரிடம் என்போம். இத்தனை வருடமாக வாரம் தவறாமல் பல் டாக்டரிடம் போயும் இந்த ஊர் ஆண்கள் வாயில் ஆளுக்கு நாலு பல்கூட இல்லாததைப் பற்றி எவனும் எவனையும் கேட்டதில்லை, அதுதான் நாகரிகம். இப்படி வளர்ந்த கை, என் மரத்தின் பக்கமாக ஊரைக் கூட்டிக்கொண்டு போக ஒரு மஞ்சள் அம்பை அறையுமா? அது தானாக இடப்பக்கம் அறைந்தது. என்ன பெரிய வித்தியாசம், ஒரு குன்றைச் சுற்றி மறுபடி பாதைக்கே வந்துவிடுவார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மீதி அம்புகளை ஒழுங்காக அறைந்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தேன். அந்த மத்தியானம் ஊரே சாப்பிட்டுப் படுத்தது. படுத்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஞாயிறு காலை. நாலாயிரம் பேர் வந்திருந்தார்கள் என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். சதுக்கம் நிரம்பி, கோயில் நிரம்பி, கோயில் மணிக்கூண்டில் ஒருவர் தோளில் ஒருவர் சைக்கிளோடு நின்றார்கள். மேயர், பதவிக்குரிய மூவர்ணப் பட்டையை மார்பில் குறுக்கே போட்டுக்கொண்டு, மகனிடமிருந்து வாங்கிய பேட்டரி சைக்கிளில் வீற்றிருந்தார். “உன் மருமக போட்ட ரூட்டு தூரத்துக்கு சரியா சார்ஜ் ஏத்திருக்கேன்யா, ஒரு சொட்டு மிச்சமிருக்காது” என்றார். அவர் பக்கத்தில் டென்மார்க்கிலிருந்து வந்த பிர்கித்தெ என்ற பெண்மணி, நிஜமான பல் டாக்டர். அவர்கள் நாட்டில் உயரமான இடம் என்றால் சாப்பாட்டு மேசைதான் என்பதால், நம் குன்றுகளைப் பார்த்ததும் கன்னத்தில் கைவைத்துக்கொண்டுவிட்டார். நான் எல்லோருக்கும் பின்னால் ஆப்பேயில் ரொட்டி, ஆட்டுப்பால் சீஸ், ஒயின் குடம், நாய் சகிதம். என் பக்கத்தில், ஒருவர் உட்காரும் இடத்தில் இரண்டாவது ஆளாக, என் ஜென்ம விரோதி பால்தோ, கரும்பச்சை முட்டைக்கோசு சூப் அண்டாவை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு. உப்பில்லாத நம் ரொட்டியைக் கடித்து நாலாயிரம் பேரும் ஒரே நேரத்தில் முகம் சுளித்தார்கள், காற்று திசை மாறியது, சவாரி தொடங்கியது.

கெபியில் எல்லோரும் இடப்பக்கம் திரும்பினார்கள். நான் வானத்தைப் பார்த்தேன். பால்தோ சூப்பைப் பார்த்தான். சின்னச் சுற்று சுற்றிப் பாதைக்கு வந்ததும், நான் வலப்பக்கம் அறைந்த அடுத்த அம்பு இடப்பக்கம் நின்றது. அதற்கடுத்தது, நேரே அறைந்தது, மேலே காட்டியது. அதற்கடுத்தது வந்த வழியே திரும்பச் சொன்னது. ஒரே பன்றித் தொழுவத்தை மூன்று தடவை கடந்தோம். மூன்றாம் தடவை பன்றிகள் எழுந்து நின்று வழி விட்டன. ஓடையை ஒரு பக்கமிருந்து மறுபக்கம், மறுபக்கமிருந்து இந்தப் பக்கம் என்று தைத்தோம். எங்கெல்லாம் நிழலான காடு வருகிறதோ அங்கெல்லாம் அம்பு முகத்தைத் திருப்பிக்கொண்டு வெயிலுக்குள், ஏற்றத்துக்குள், மொட்டைக் களிமண்ணுக்குள் போகச் சொன்னது.

“அண்ணே,” என்றான் பால்தோ, “இந்த அம்பெல்லாம் நீங்கதான அடிச்சீங்க?”

“நான்தான்.”

“நல்லா அடிச்சிருக்கீங்க.”

“நேத்து மத்தியானம் நீ எங்கடா இருந்த?”

“நானா? பல் டாக்டர்கிட்ட.”

“நானும் அங்கதான இருந்தேன்.”

“கூட்டம் ஜாஸ்திண்ணே. பாத்திருக்க மாட்டீங்க.”

 அவன் மடியில் சூப் குற்ற உணர்ச்சியில் தளும்பிக்கொண்டிருந்தது. என்ன நடந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஊரே குறட்டை விடுகிறது என்று ஒவ்வொருவனும் நம்பி, ஒவ்வொருவனும் பூனைபோல வெளியே வந்து, தன் தன் மரத்துக்கு எதிரே ஓர் அம்பைத் திருப்பிவிட்டுப் போயிருக்கிறான். ஆளுக்கு ஒன்றுதான். யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. ஆனால் ஆளுக்கு ஒன்றாகத் திருப்பியதில், கண்ணு, உன் அரை நாள் பாதை போப்பாண்டவரே பாதி வழியில் படுத்துவிடும் யாத்திரையாகிவிட்டது.

இந்த யாத்திரையின் வழியில்தான் பாவசங்கீர்த்தன மேடு நிற்கிறது. அந்தச் சரிவின் பாதியில் எப்பேர்ப்பட்டவனும் செய்த பாவத்தையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிவிடுவான் என்பதால் அந்தப் பெயர். செங்குத்தா? செங்குத்து சாய்வாகத் தெரியும் அதன் பக்கத்தில். சரளைக்கல் ஒவ்வொன்றும் விழாமலிருக்கப் பக்கத்துக் கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தது. சரியாக அங்கே மேயரின் பேட்டரி, ஒரு சின்னக் கேவல் கேவிவிட்டு, உயிரை விட்டது.

“யோவ் ஒரேஸ்தே!” குன்றுகள் எதிரொலித்தன. “என்னய்யா ரூட்டு இது? கழுதை போகுமாய்யா இதுல? நாளைக்குத் தார்டா! ஒரு கோட்டு இல்ல, ரெண்டு கோட்டு! இந்த மேட்டையே தாரால மெழுகறேன் பாரு! உன் மருமக ஆஸ்பத்திரி ஜன்னல்லேருந்து பாத்தாலும் கருப்பாத் தெரியணும்!”

அவரை வண்டியில் ஏற்றிக்கொள்ள இடமில்லை. பால்தோ இருந்தான், சூப் இருந்தது. மேயர் தள்ளினார். நாங்கள் இறங்கிப் பின்னாலிருந்து மேயரைத் தள்ளினோம். பிர்கித்தெ ஒரு கையால் தன் சைக்கிளையும் மறு கையால் மேயருடையதையும் தள்ளிக்கொண்டு, மேயரின் பேச்சைப் பாட்டுப்போல ரசித்தபடி வந்தார். மேயர் பேசிக்கொண்டே ஏறினார். தார் பற்றிப் பேசினார், விரிப்பு பற்றிப் பேசினார், மூச்சு வாங்க நின்றபோது மூச்சு பற்றிப் பேசினார்.  உன் சாலையை என் மரத்துக்கு விற்றுவிட்டேன் என்று நினைத்தேன். நாளைக் காலையில் உனக்கு என்ன முகத்தோடு போன் செய்வேன் என்று நினைத்தேன். மேட்டின் உச்சி வந்தது. மேயர் பட்டையைச் சரிசெய்துகொண்டு, திரும்பி, பெரிய சொற்பொழிவுக்காக வாயைத் திறந்தார்.

திறந்தார். பார்த்தார். மூடினார்.

வடகாற்று வானத்தைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தது. உழுது போட்ட களிமண் குன்றுகள், தூங்கும் யானைகள் போல, ஒன்றன் முதுகில் ஒன்று சாய்ந்து அமியாத்தா மலை வரை கிடந்தன. அமியாத்தாவுக்கு அப்பால் கடல். கடலுக்கு அப்பால் கோர்சிகா. கோர்சிகாவில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நீலச் சட்டை, ஒரு பொத்தான் இல்லை. இவற்றுக்கெல்லாம் நடுவே நம் வெள்ளைச் சாலை. கோதுமை மாவு மூட்டை ஓட்டையோடு ஒருவன் கால்போன போக்கில் நடந்துபோன தடம்போல, குன்றுக்குக் குன்று வளைந்து, மறைந்து, நினையாத இடத்தில் மறுபடி வெளுத்து. அதன் மேல், அம்புகள் அலைக்கழித்ததில் எங்களுக்கும் பின்னால் போய்விட்ட நாலாயிரம் பேரும் எறும்பு வரிசையாய் இன்னும் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். சாய்ந்த வெயிலில் அவர்கள் கிளப்பிய புழுதி, சாலை முழுக்கப் பொன் நூலாக எழுந்து நின்றது, விழ மனமில்லாமல்.

நாற்பது வருடமாக இந்தக் குன்றுகளில் நடக்கிறேன். ஒவ்வொரு வேரையும் மணத்தாலேயே பேர் சொல்லிக் கூப்பிடுவேன். ஆனால் என் கண் எந்நேரமும் நாயின் மூக்கில்தான், மண்ணில்தான். அந்த மேட்டில் ஓக் மரம் கிடையாது. மரம் இல்லாத இடத்துக்கு எங்களில் எவன் ஏறுவான்? ஓட்டு இல்லாத இடத்துக்கு மேயர்தான் எதற்கு ஏறுவார்? பிர்கித்தெ சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு விசும்பி விசும்பி அழுதார். நாய்கூட மூக்கைத் தூக்கிப் பார்த்தது.

“ஸ்ட்ரோக்காண்ணே?” என்று பால்தோ கிசுகிசுத்தான், மேயரைக் காட்டி.

“தொப்பிய எடுடா” என்றேன்.

மேயர் நின்றார். கீழே கெபி மணி அடித்து ஓய்ந்தது. அடிவாரத்தில் விட்ட வண்டியில் சூப் ஆறி ஆடை கட்டியது. மேயர் இன்னும் நின்றார். கடைசியில் மிக மெல்லிய குரலில், ஆள் மாறிப்போனாற்போல, கேட்டார்.

“ஒரேஸ்தே, இது எந்த ஊருய்யா?”

“நம்ம ஊருதான்.”

“யாருமே சொல்லலியே.”

“யாரும் கேக்கலியே” என்றான் பால்தோ.

“அந்தத் தார் மெஷினை யாரு கொண்டாந்து கல்லறைகிட்ட நிறுத்துனது?”

“நீங்கதான்.”

“நாளைக்குக் காலையில அது அங்க இருக்கக் கூடாது.”

இல்லை, கண்ணு. அது நின்ற இடத்தில் இப்போது ஓர் எண்ணெய்க் கறைதான் இருக்கிறது. உன் சாலை வெள்ளையாகவே இருக்கிறது. இந்த வரியை நீ இரண்டு முறை படிக்கலாம்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்கமாட்டேன். பொழுது சாய, வறுக்கத் தயாரான மீன்போல எல்லோரும் தலையிலிருந்து கால்வரை புழுதி மாவு பூசிக்கொண்டு சதுக்கத்துக்கு வந்து சேர்ந்து, சூப்பில் ரொட்டியை ஊறவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பிர்கித்தெ உன் வரைபடத்தை மேசையில் விரித்து, பக்கத்தில் தன் சைக்கிள் கருவியை வைத்தார். அது போன வழியையெல்லாம் கோடு போட்டு வைத்திருந்தது, சனியன்.

“ரொம்ப சுவாரசியம்” என்றார், நம் பேச்சை நம்மைவிட ஒழுங்காக. “இங்கே வரைபடம் வலது சொல்கிறது, அம்பு இடது சொல்கிறது. இங்கேயும். இங்கேயும். ஒவ்வொரு முறையும் ஒரு சின்னக் காடு இருக்கிறது. அந்தக் காடுகளில் என்ன இருக்கிறது?”

நாய் வைத்திருக்கும் ஒவ்வொருவன் கரண்டியும் வாய்க்குப் போகும் வழியில் நின்றது. எங்கள் பாட்டன் பூட்டன் கட்டிக்காத்த ரகசியம் அத்தனையும், விரல் வைத்துக் காட்டுகிற அளவுக்கு, நாங்களே சுத்தியல் எடுத்து அறைந்து ஊருக்குப் படம் போட்டுக் கொடுத்திருக்கிறோம்!

“பாம்பும்மா” என்றான் பால்தோ.

“போர்க்காலத்து வெடிகுண்டு” என்றது இன்னொரு மேசை.

“பேய்” என்றேன் நான். “பல் இல்லாத பேய்.”

பிர்கித்தெ எங்கள் வாய்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தொழில் முறையில் தலையசைத்தார். பிறகு கடைசியாக ஒரு காட்டின் மேல் விரல் வைத்தார். “இதற்கு?” அதற்கு மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தோம். மேசைத் தலைமாட்டில் மேயர் மட்டும் சூப்பிலிருந்து தலையைத் தூக்காமல், காது மடல் சிவக்க, சொன்னார்: “அங்க குளவிக்கூடு இருக்கு.”

அவருக்கும் ஒரு மரம் உண்டு! அவரும் சனிக்கிழமை மத்தியானம் பல் டாக்டரிடம்! தன் பேட்டரியைத் தானே கொன்ற மகான்!

ஆகவே அந்த இடத்திலேயே ஊர் கூடி ஏகமனதாகத் தீர்மானித்தது: அம்பு காட்டிய பாதைதான் பாதை, அதுதான் என்றும் இருந்தது, வரும் வருடமும் நாலாயிரம் பேரும் அதில்தான் மிதிப்பார்கள், மேட்டில் ஏறி வாயடைத்து நிற்பார்கள். உன்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நீ வரைந்த பழைய படத்தின் பிரதியைத் தலையணைக்கடியில் வைத்திருந்தால், தின்றுவிடு. ஆஸ்பத்திரி சாப்பாட்டைவிட ருசியாகத்தான் இருக்கும்.

புனித அந்தோணியாரும், அவருக்கு நேரமில்லாவிட்டால் மற்றவர்களும், உன் காலைக் காத்து, உன் டயரில் காற்றும் முன்னால் இறக்கமும் பின்னால் காற்றும் என்றும் குறையாமல் அருள்வார்களாக. கட்டின் மேல் என் முத்தம்.

இப்படிக்கு,
உண்மையைத் தவிர வேறெதையும் அதிகம் கலக்காத
உன் மாமன் ஒரேஸ்தே

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது உன் அம்மா ஒரு செய்தி சொன்னாள். உன் பக்கத்துக் கட்டிலில் இடுப்பெலும்பு உடைந்து படுத்திருக்கும் அம்மாள் அடுத்த ஊராம், அவள் புருஷன் நாய் வளர்க்கிறானாம், அவள் கண்ணாடி போடாமலே தூரத்து எழுத்தைப் படிப்பாளாம். ஆகவே மேலே எழுதிய அனைத்தும் பொய் என்று இதனால் சகலருக்கும் அறிவிக்கிறேன். வணக்கம் அம்மா, உங்கள் இடுப்பு எப்படி இருக்கிறது? மாதா கெபிக்கு வலப்பக்கம் ஒன்றுமில்லை. ஓக் மரம் இல்லை. காடு இல்லை. கெபியே இல்லை. என்னிடம் நாய் இல்லை. பிரிச்சோலா என்பது பூனை. நாலாயிரம் பேர் வரவில்லை, நாற்பது சொச்சம் பேர்தான். அம்புகளை யாரும் திருப்பவில்லை, காற்று அடித்தது. கோர்சிகா தெரியவில்லை, அந்தப் பெண் நீலச் சட்டை காயப்போடவுமில்லை. நான் அன்று முழுக்கப் பல் டாக்டரிடம் இருந்தேன்.

ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்மை, ஃபியாமெத்தா. மேட்டு உச்சியில் அர்தேங்கோ திறந்த வாயை மூடிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், ரொம்ப நேரம் நின்றார். அது நடந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். நானும் பேசவில்லை.